புதன்கிழமை முந்தியிருந்த கடிகாரம்

மலேசியாவின் தெலுக் இந்தானுக்கு வெளியே நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தின் அலுவலகச் சுவரில், சாவி கொடுத்து ஓடும் எட்டு நாள் கடிகாரம் ஒன்று இருந்தது. தலைமை எழுத்தரான பெரிய கிராணியார் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வானொலியின் நேர ஒலியைக் கேட்டு முள்ளைச் சரிபார்த்து, பதினான்கு அரைச்சுற்றுச் சாவி கொடுத்துவிட்டுப் போவார். அதன் பிறகு ஒரு வாரத்துக்குப் பெரட்டு என்னும் காலை ஆள் கணக்கெடுப்பு, பால் நிறுவை, ஆயாக் கொட்டகை திறப்பது எல்லாம் அந்தக் கடிகாரம் சொன்ன நேரப்படிதான் நடக்கும். பால்வெட்டுக்காரர்களிடம் அதைப் பற்றி ஒரு பழைய புகார் உண்டு. புதன், வியாழன் பெரட்டுக்குத்தான் ஆள்கள் தாமதமாக வந்து திட்டு வாங்குகிறார்கள். சனிக்கிழமை அதே நேரத்துக்கு லயத்திலிருந்து கிளம்பி வந்தாலும் யாரும் தாமதமாவதில்லை. வாரத்தின் நடுவில் உடம்பு சோர்ந்துபோகும் என்று வேலையை மேற்பார்க்கும் தண்டல் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். தோட்டம் செம்பனைக்கு மாறி, பழைய அலுவலகத்தைக் காலி செய்தபோது அந்தக் கடிகாரம் என் கைக்கு வந்தது. ஒரு வாரம் அதைத் தினமும் ஒப்பிட்டு எழுதிவைத்துப் பார்த்த பிறகுதான், சோர்வு எங்கே இருந்தது என்பது எனக்குப் பிடிபட்டது.

சாவி கொடுத்த முதல் நாளில் அது ஏறக்குறைய ஒரு நிமிடம் முந்தியது. அடுத்தடுத்த நாள்களில் முந்துவது குறைந்துகொண்டே வந்து, புதன் மாலைக்கு மேல் பிந்தத் தொடங்கியது. வாரக் கடைசியில் நாளுக்கு ஒரு நிமிடம் பிந்தியது. முந்தும் வேகம் ஞாயிற்றுக்கிழமை அதிகம் என்றாலும், முந்திய விநாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதால், முள் உண்மையான நேரத்திலிருந்து மிக விலகி நின்றது புதன் மாலையில்தான். அப்போது விலகல் ஒன்றே முக்கால் நிமிடம். அதன் பிறகு கடிகாரம் சேர்த்த கடனைத் தானே கழித்துக்கொண்டு, ஞாயிறு காலைக்குள் கணக்கை நேர்செய்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை மட்டும், அதுவும் ஞாயிறு காலையில் மட்டும் ஒப்பிட்டுப் பார்த்த கிராணியாருக்குத் தம் கடிகாரம் குறையில்லாமல் ஓடுவதாகவே தோன்றியிருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குத் தெரிய வழியில்லை. திட்டு வாங்கியவர்களுக்கும் தெரிய வழியில்லை என்பதுதான் வருத்தம்.

இது பழுது என்று சொல்லத்தக்கதன்று. சுருள்வில்லால் ஓடும் கடிகாரங்களின் பிறவிக் குணம் இது. இந்தக் குணத்தை அடக்குவதற்கு ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளாகக் கடிகாரக்காரர்கள் பட்ட பாடுதான் கடிகார வரலாற்றின் பெரும்பகுதி.

எந்த இயந்திரக் கடிகாரத்திலும் தள்ளுவது ஒன்று, எண்ணுவது வேறொன்று. தொங்கும் எடையோ சுருட்டிய எஃகுப் பட்டையோ பற்சக்கரங்களை இடைவிடாமல் தள்ளிக்கொண்டிருக்கும். ஊசலோ, கைக்கடிகாரமாக இருந்தால் மயிரிழை போன்ற சிறு சுருளோடு இங்குமங்கும் திரும்பும் பேலன்ஸ் சக்கரமோ காலத்தை எண்ணும். இரண்டுக்கும் நடுவில், கடைசிச் சக்கரத்தின் ஒரு பல்லைப் பிடித்து, விட்டு, அடுத்த பல்லைப் பிடிக்கும் உறுப்பு இருக்கிறது. பழுது பார்ப்பவர்கள் இதை எஸ்கேப்மென்ட் என்பார்கள். நாம் கேட்கும் டிக் டிக் ஒலி இது பல்லைப் பிடிக்கும் ஒலிதான். எண்ணும் உறுப்பு காற்றிலும் உராய்விலும் இழக்கும் சிறு ஆற்றலை ஒவ்வொரு வீச்சிலும் இதன் வழியாகத்தான் திரும்பப் பெறுகிறது. சிக்கல் பிறக்கும் இடமும் இதுவே. எண்ணுகிறவனைத் தொடாமல் அவனுக்குச் சோறூட்ட முடியாது. தொட்டால் எண்ணிக்கை கொஞ்சமாவது குலையும்.

ஆயாக் கொட்டகையில் ஒரே நேரத்தில் நாலைந்து தூளிகளை ஆட்டிக்கொண்டிருந்த ஆயாவை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். தூளி நடுவிடத்தைக் கடக்கும்போது, அது போகும் திசையிலேயே ஒரு தட்டுத் தட்டினால், அது இன்னும் சற்று உயரம் போகுமே தவிர அதன் தாளம் மாறாது. ஆயாவை நோக்கி வந்து நிற்பதற்கு முன்பே கை வைத்துத் தடுத்துத் திருப்பி அனுப்பினால், தூளி போக வேண்டிய தூரம் போகாமல் சீக்கிரமே திரும்பிவிடும், தாளம் துரிதமாகும். உந்துதல் நடுவிடத்துக்கு முன் விழுந்தால் கடிகாரம் முந்தும், பின் விழுந்தால் பிந்தும், மிகச் சரியாக நடுவில் விழுந்தால் அலைவு நேரம் பாதிக்கப்படாது என்று ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1826இல் கணக்கிட்டுக் காட்டினார். எங்கள் அலுவலகக் கடிகாரத்தில் இருந்தது பழைய நங்கூர வகை எஸ்கேப்மென்ட். ஊசல் தன் வீச்சின் முடிவை நோக்கிப் போகும்போது சக்கரப் பல் எதிர்த்து நின்று அதைத் திருப்பித் தள்ளும். சுருள்வில் வலுவாக இருக்கும் நாள்களில் இந்த எதிர்ப்பும் வலுவாக இருப்பதால், ஊசல் சீக்கிரம் திரும்பி, கடிகாரம் முந்தியது.

இதற்கு எதிர்த் திசையில் இழுக்கும் இன்னொரு விளைவும் உண்டு. ஊசல் அகலமாக வீசினாலும் குறுகலாக வீசினாலும் ஒரே நேரம் எடுத்துக்கொள்ளும் என்று பள்ளியில் படித்திருப்போம். அது மிகச் சிறிய வீச்சுக்கு மட்டுமே ஏறக்குறைய உண்மை. நடுவிலிருந்து பக்கத்துக்கு 2 பாகை வீசும் ஊசல், கணக்குப்படி உள்ள நேரத்தைவிட நாளொன்றுக்கு 6.6 விநாடி பிந்தும். 3 பாகை வீசினால் 14.8 விநாடி பிந்தும். ஆகவே தள்ளும் விசை கூடி வீச்சு ஒரே ஒரு பாகை அகலமானாலும் நாளுக்கு 8 விநாடி போய்விடுகிறது. நங்கூர வகையில் இந்த இரண்டு பிழைகளும் எதிரெதிராக இருப்பதால் ஒன்றையொன்று ஓரளவு தின்றுவிடுகின்றன. சாதாரணச் சுவர்க் கடிகாரங்கள் இவ்வளவு மலிவாக இருந்தும் இவ்வளவு நன்றாக ஓடியதற்கு இந்தச் சண்டை ஒரு காரணம்.

ஊசல் வருவதற்கு முன் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. 14ஆம் நூற்றாண்டுக் கடிகாரங்களில் எண்ணும் வேலையைச் செய்தது இரு முனையிலும் எடை மாட்டிய ஒரு குறுக்குச் சட்டம். அதற்குச் சொந்தமான தாளம் கிடையாது. சக்கரம் எவ்வளவு வலுவாகத் தள்ளுகிறதோ அவ்வளவு வேகமாக அது திரும்பும். தள்ளும் விசை கூடினால் கடிகாரமே முந்திவிடும். 1656இல் டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தில் பொருத்தியபோது, நாளுக்குக் கால் மணி நேரம் என்றிருந்த பிழை கால் நிமிட அளவுக்குச் சுருங்கியது. தனக்கென்று ஒரு தாளம் உள்ள ஒன்றை எண்ண வைத்ததுதான் அதற்குக் காரணம்.

விசையைச் சீராக்குவதில் மிக எளிய வழி எடை. கயிற்றில் தொங்கும் இரும்புக் குண்டு காலையிலும் ஒரே கனம், இரவிலும் ஒரே கனம். இங்கிலாந்தின் சால்ஸ்பரி தேவாலயத்தில் 1386ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் கடிகாரம் இப்படிப்பட்டது. பழைய கோபுரக் கடிகாரங்கள் பெரும்பாலும் எடையால் ஓடுபவைதான். எங்கள் பட்டணத்தின் நடுவில் 1885இல் கட்டப்பட்டு, மண் இளகிச் சாய்ந்து நிற்கும் மணிக்கூண்டை அண்ணாந்து பார்க்கும் சிறுவர்கள், கோபுரம் சாய்ந்தால் உள்ளே தொங்கும் எடையும் சாயாதா என்று கேட்பதுண்டு. எடையில் ஓடும் எந்தக் கடிகாரத்துக்கும் பதில் ஒன்றுதான்: கட்டடம் எப்படிச் சாய்ந்தாலும் குண்டு நேர்க்கீழாகத்தான் தொங்கும், இழுக்கும் விசையும் மாறாது. ஊசல் தொங்கும் சட்டம் சாய்ந்தால் டிக் ஒலிக்கும் டக் ஒலிக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஏறுமாறாகிக் கடிகாரம் நின்றுபோகக்கூடும். அது வேறு நோய், சட்டத்தை மட்டப்படுத்தினால் தீர்ந்துவிடும்.

எடைக்கு இருக்கும் ஒரு பலவீனம் சாவி கொடுக்கும் நேரம். குண்டை மேலே ஏற்றும்போது கயிற்றின் இழுப்பு சக்கரத்திலிருந்து விலகிவிடுவதால், அந்த அரை நிமிடத்துக்குக் கடிகாரம் பட்டினி கிடக்கும். ஹைகன்ஸ் இதற்கு முடிவில்லாத வளையமாக ஒரு கயிற்றை இரு கப்பிகளில் மாட்டி, ஒரு பக்கத்தை இழுத்து ஏற்றினாலும் மறுபக்கம் சக்கரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்படி செய்தார். எனக்குத் தெரிந்து இந்தத் துறையின் மிக அழகான யோசனை இதுதான். நூல் கோத்து விளையாடும் பிள்ளையிடம்கூட ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

எடையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்க முடியாது. கப்பலிலும் தொங்கவிட முடியாது. ஆகவே 15ஆம் நூற்றாண்டில் சுருட்டிய எஃகுப் பட்டை வந்தது. அதோடு விசை சீராக இல்லாத துன்பமும் வந்தது. முழுதும் இறுகிய சுருள்வில் முதல் ஓரிரு சுற்றில் மிகக் கடுமையாகத் தள்ளும். நடுவில் ஓரளவு சமமாக இறங்கும். கடைசிச் சுற்றுகளில் சட்டென்று விழுந்துவிடும். ஜெர்மன் கைவினைஞர்கள் ஒரு வளைந்த தகட்டின் விளிம்பில் இன்னொரு வில்லை அழுத்தவிட்டு, தொடக்கத்தில் தடுக்கவும் முடிவில் உதவவும் வைத்தார்கள். ஸ்டாக்ஃப்ரீட் என்று பெயர். வண்டிக்கு பிரேக் போட்டுக்கொண்டே ஓட்டுவதைப் போன்ற இந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை.

நிலைத்தது கூம்புக் கப்பி. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஃபியூஸி என்பார்கள். பர்கண்டியின் பிலிப் கோமகனுக்காக 1430ஐ ஒட்டிச் செய்யப்பட்டதாகக் கருதப்படும் கடிகாரத்திலேயே இது இருக்கிறது. லியோனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளிலும் இதன் படங்கள் உண்டு. கதவை நாதாங்கிப் பக்கம் தள்ளினால் ஒரு விரல் போதும், கீல் பக்கம் தள்ளினால் தோளைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த விதிதான் இங்கேயும். சுருள்வில் ஒரு வட்டச் சிமிழுக்குள் இருக்கிறது. சிமிழின் வெளிப்புறத்தில் தொடங்கும் ஒரு நரம்புக் கயிறு, பிற்காலத்தில் ஒரு நுண்ணிய சங்கிலி, பக்கத்தில் நிற்கும் கூம்பின்மேல் வெட்டிய திருகு வரிப்பள்ளத்தில் சுற்றியிருக்கும். சாவி முழுதும் கொடுத்த நிலையில் சங்கிலி கூம்பின் குறுகிய நுனியைப் பற்றி இழுக்கும். வில் பலமாக இருந்தாலும் நெம்பும் தூரம் குறைவு. வில் தளரத் தளரச் சங்கிலி கூம்பின் அகன்ற அடிப்பகுதிக்கு இறங்கிவரும். பலம் குறைந்தாலும் நெம்பும் தூரம் கூடியிருக்கும். இழுக்கும் பலத்தையும் ஆரத்தையும் பெருக்கினால் வரும் தொகை முதல் நாளும் கடைசி நாளும் ஒன்றாகவே இருக்கும்படி கூம்பின் வளைவைச் செதுக்கிவிட்டால், பற்சக்கரங்களுக்கு வில் தளர்ந்ததே தெரியாது.

இந்த வளைவு எல்லாக் கடிகாரத்துக்கும் பொதுவானதன்று; ஒவ்வொரு கூம்பும் தன் வில்லுக்கு மட்டுமே பொருந்தும். ஒருமுறை எங்கள் பட்டணத்தில் ஐந்தடிப் பாதையோரம் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கடிகாரக்கார ஐயாவிடம், யாரோ கொடுத்திருந்த பழைய ஆங்கிலேயச் சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றை அவர் சரிபார்ப்பதை நின்று பார்த்தேன். சாவி போடும் சதுர முனையில் ஒரு நீண்ட கம்பியை மாட்டினார். கம்பியில் ஒரு சிறு எடை நகரும்படி இருந்தது. வில்லின் இழுப்பும் எடையின் இழுப்பும் சமமாகிக் கம்பி கிடைமட்டத்தில் நிற்கும் இடத்தைப் பிடித்து, பிறகு ஒவ்வொரு சுற்றாக ஏற்றி, ஒவ்வொரு சுற்றிலும் கம்பி அதே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். மேல் சுற்றில் கம்பி சற்றே தூக்கியது. வில்லின் தொடக்க இறுக்கத்தைச் சிமிழின் தண்டில் ஒரு பல் மாற்றி வைத்து, முதலிலிருந்து மறுபடி தொடங்கினார். “தம்பி, இது அவசரத்துக்கு ஆவுற வேலையில்ல,” என்று அவர் சொன்னபோது மூன்றாவது தடவையாகக் கம்பியை மாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சங்கிலியைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். சைக்கிள் சங்கிலியின் அதே அமைப்பு. ஒரு கண்ணியின் நீளம் எள்ளளவுகூட இராது. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கிறைஸ்ட்சர்ச் என்ற ஊரில் ராபர்ட் காக்ஸ் என்பவர் 1790இல் இதற்கென்று தொழிற்கூடம் தொடங்கினார். கண்ணிகளை வெட்டியும் ஆணியடித்தும் கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்களும், ஏழையர் இல்லங்களிலிருந்து வந்த சிறுமிகளும்தான். அந்த வேலை பலருடைய கண் பார்வையைக் கெடுத்தது. ஒட்டுக்கறை பொறுக்கவும் புல் பிடுங்கவும் பிள்ளைகளின் சிறு கைகள் தோதானவை என்று கணக்குப் போட்டிருந்த தோட்டங்களிலிருந்து வந்த எங்களுக்கு, இதை வாசிக்கும்போது வியப்பு எழுவதில்லை.

கூம்புக் கப்பிக்கும் சாவி கொடுக்கும் நேரத்தில் எடைக்கடிகாரத்தின் அதே நோய் உண்டு. கூம்பைத் திருப்பும்போது சக்கரங்களின்மீது விசை நின்றுவிடும். ஆங்கிலேயக் கடிகாரக்காரர் ஜான் ஹாரிசன் கூம்புக்கும் பெரிய சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சிறு வில்லையும், ஒரே திசையில் மட்டும் திரும்பவிடும் ராட்செட் பல்லையும் வைத்து, வழக்கமான ஓட்டத்தில் அந்தச் சிறு வில் எப்போதும் இறுகியே இருக்கும்படி செய்தார். சாவி கொடுக்கும் சில விநாடிகளில் அது தளர்ந்து சக்கரத்தைத் தள்ளும். கப்பலில் சென்ற துல்லியக் கடிகாரங்களான குரோனோமீட்டர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன.

ஆனால் கைக்கடிகாரத்தில் கூம்பு இன்று இல்லை. அதை வெளியேற்றியவர்களில் முதன்மையானவர் பாரிஸ் கடிகாரக்காரர் ஜான் அன்துவான் லெப்பீன். 1760களில் அவர் கூம்பையும் சங்கிலியையும் நீக்கிவிட்டு, சிமிழின் விளிம்பிலேயே பல் வெட்டி, அதைக் கொண்டே சக்கரங்களை நேராகத் தள்ளவைத்தார். கடிகாரம் மெலிந்தது. சாவி கொடுக்கும்போதும் விசை நிற்காது, ஏனென்றால் வில்லின் உள்முனையைத் தண்டு இறுக்கும் அதே வேளையில் வெளிமுனை சிமிழைத் தள்ளிக்கொண்டே இருக்கும். விசை சீராவதற்கு அவர்கள் கண்ட உபாயம் சிக்கனத்துக்கு நேர் எதிரானது: தேவைக்கு மேல் நீளமான வில்லை வைத்து, அதன் நடுச் சுற்றுகளை மட்டும் பயன்படுத்துவது. மால்டீஸ் சிலுவை வடிவத்தில் ஒரு சிறு சக்கரத்தைச் சிமிழின்மேல் வைத்து, தண்டு நான்கு சுற்றுக்கு மேல் திரும்பாதபடி தடுத்துவிட்டால், மிக இறுகிய தொடக்கமும் மிகத் தளர்ந்த முடிவும் ஓட்டத்துக்கு வராமலே போய்விடும். கரும்பின் நுனியையும் வேரையும் வெட்டி எறிந்துவிட்டு நடுத்துண்டை மட்டும் கடிப்பதைப் போல.

சிமிழுக்குள் எவ்வளவு வில்லை அடைப்பது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தண்டு போக மிஞ்சும் இடத்தில் பாதியைப் பட்டையும் பாதியை வெற்றிடமும் எடுத்துக்கொண்டால்தான் மிக அதிகமான சுற்றுகள் கிடைக்கும். இடம் இருக்கிறதே என்று கூடுதலாகத் திணித்தால் ஓடும் நேரம் குறையும். பட்டையின் தடிப்பு இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. முறுக்கு விசை தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். தடிப்பு 10 விழுக்காடு கூடினால் விசை 33 விழுக்காடு கூடிவிடும். என் அப்பாவின் கைக்கடிகாரத்தில் வில் ஒருமுறை உடைந்தபோது, பட்டணத்துக் கடை ஒன்றில் கையிலிருந்த தடித்த வில்லைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆரோக்கியமான பேலன்ஸ் சக்கரம் முழுச் சாவியில் 270 முதல் 300 பாகை வரை திரும்பும். அந்த வில்லின் பலத்தில் அது ஏறக்குறைய முழுச் சுற்றே திரும்பி, அதிலுள்ள கல்முள், எஸ்கேப்மென்ட்டின் நெம்புகையான லீவரின் பின்புறத்தில் போய் இடித்துத் திரும்பத் தொடங்கியது. காலையில் சாவி கொடுத்த முதல் சில மணி நேரம் நிமிடக்கணக்கில் முந்தும். மத்தியானத்துக்கு மேல் ஒழுங்காக ஓடும். அப்பா சாவியைப் பாதியோடு நிறுத்தப் பழகிக்கொண்டார். அவர் அறியாமலே செய்தது மால்டீஸ் சிலுவையின் வேலை.

இவ்வளவு நேரமும் பேசியது விசையை ஊற்றிலேயே சமன்படுத்துவதைப் பற்றி. இன்னொரு வழி, எண்ணும் உறுப்புக்கு அருகில் போய் அங்கே மட்டும் சமன்படுத்துவது. பெரிய வில் நேராக எஸ்கேப்மென்ட்டைத் தள்ளாமல், நடுவிலுள்ள ஒரு குட்டி வில்லையோ குட்டி எடையையோ அடிக்கடி ஏற்றிவிடும். குட்டி வில் எப்போதும் ஒரே இறுக்கத்தில் இருப்பதால் அது கொடுக்கும் உந்துதலும் ஒரே அளவில் இருக்கும். ரெமொன்ட்வார் என்ற இந்த ஏற்பாட்டை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிஸ் கடிகாரக்காரர் யோஸ்ட் பூர்கி கையாண்டார். ஹாரிசன் 1759இல் முடித்த நான்காவது கடற்கடிகாரத்தில் குட்டி வில் ஏழரை விநாடிக்கு ஒருமுறை, அதாவது நிமிடத்துக்கு எட்டு முறை ஏற்றப்பட்டது. அதில் கூம்புக் கப்பியும் இருந்தது. இரட்டைப் பாதுகாப்பு எதற்கென்றால், அவர் பயன்படுத்திய எஸ்கேப்மென்ட் விசை மாற்றத்தை உடனே உணரும் பழைய வகையைச் சேர்ந்தது. அவருக்குப் பின் வந்தவர்கள், உந்துதல் தரும் ஒரு கணத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் பேலன்ஸ் சக்கரத்தைத் தனியே விட்டுவிடும் எஸ்கேப்மென்ட்டைச் செய்ததும் ரெமொன்ட்வார் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. 1750களில் ஆங்கிலேயக் கடிகாரக்காரர் தாமஸ் மட்ஜ் உருவாக்கி, இன்று ஏறக்குறைய எல்லா இயந்திரக் கைக்கடிகாரத்திலும் இருக்கும் லீவரும் இப்படித் தனியே விடும் வகைதான். என் கருத்தில், விசையைச் சீராக்கும் போட்டியில் கடைசியில் வென்றது விசையைச் சீராக்காத இந்த உறுப்பே. சீரற்ற விசை எண்ணுகிறவன் காதில் விழாதபடி அது பார்த்துக்கொண்டது.

கோபுரங்களில் கதை வேறு. அங்கே முள்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. காற்றும் மழையும் பனியும் முள்ளைத் தள்ளும்போது அந்த விசை சக்கரங்கள் வழியே பின்னோக்கி ஊசல்வரை வந்துவிடும். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கோபுரக் கடிகாரத்துக்கு கடிகார வல்லுநர் எட்மண்ட் டெனிசன் ஈர்ப்பு எஸ்கேப்மென்ட்டை வடிவமைத்தார். கடிகாரம் 1859 மே 31 அன்று ஓடத் தொடங்கியது. சக்கரங்களின் வேலை ஒரு சிறு கையை ஒரே குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கி வைப்பதோடு முடிந்துவிடும். அந்தக் கை தன் சொந்த எடையால் விழுந்து ஊசலைத் தள்ளும். தூக்கியவன் பலசாலியா நோஞ்சானா என்பது ஊசலுக்குத் தெரியாது. தூக்கவே முடியாமல் போனால் மட்டும்தான் தெரியும்: 1949இல் ஸ்டார்லிங் பறவைகள் கூட்டமாக நிமிட முள்ளில் வந்து உட்கார்ந்து அந்தக் கடிகாரத்தை நாலரை நிமிடம் பிந்தவைத்தன. ஸ்டார்லிங் நம் மைனாவுக்கு ஒன்றுவிட்ட உறவு. தெலுக் இந்தானில் அந்தியில் மின்கம்பிகளில் இடம் பிடிக்க மைனாக்கள் போடும் சண்டையைப் பார்த்தவர்கள் இதை நம்பத் தயங்கமாட்டார்கள்.

வில்லிலிருந்து புறப்படும் விசை முழுதாகக் கடைசிச் சக்கரத்துக்கு வந்து சேர்வதும் இல்லை. சிமிழ் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும் ஒரு கைக்கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 18,000 முறை அலையும் பேலன்ஸும் 15 பல் கொண்ட கடைசிச் சக்கரமும் இருந்தால், அந்தச் சக்கரம் ஆறு விநாடிக்கு ஒருமுறை சுற்றும். வேகம் 3,600 மடங்கு கூடுகிறது, திருப்பும் பலம் அதே அளவில் சிறுத்துவிடுகிறது. இப்படி ஒரு நூலிழையில் வந்து சேரும் பலத்திலிருந்து காய்ந்த எண்ணெயும் தூசும் பங்கு கேட்டால் மிஞ்சுவது என்ன? முகப்பில் 17 ஜுவல்ஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து உள்ளே விலை மதிப்புள்ள கற்கள் இருப்பதாக எண்ணிக்கொண்டவர்கள் தோட்டத்தில் பலர். அவை அச்சு முனைகள் தேயாமல் சுழலவும் எஸ்கேப்மென்ட் வழுக்கிச் செல்லவும் வைத்த மாணிக்கத் துண்டுகள். 1704இல் லண்டனில் காப்புரிமை பெற்ற யோசனை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயற்கை மாணிக்கம் வந்தபின் அவற்றுக்கு நகைக்கடை மதிப்பு எதுவும் இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் இந்த முனைகளில் எண்ணெய் சீக்கிரம் பிசுபிசுத்துவிடும், பழைய எஃகு வில்லில் துரு ஒரு புள்ளி விழுந்தாலும் அந்த இடத்திலேயே முறியும். அலுவலகக் கடிகாரத்தை நான் முதலில் திறந்தபோது சக்கர முனைகளில் தையல் மெஷின் எண்ணெய் கறுத்துக் கெட்டியாகிக் கிடந்தது.

சாவியை அதிகமாகக் கொடுத்துக் கடிகாரத்தைக் கெடுத்துவிட்டான் என்று பிள்ளைகள் வாங்கிய அடிகளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இறுதிவரை முறுக்கியதால் நல்ல கடிகாரம் நிற்பதில்லை; சுருள் அடுக்குகள் காய்ந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டோ, சக்கரங்களில் அழுக்கு சேர்ந்தோ நின்றிருக்கும். முழுச் சாவியில் நின்றதால் சாவி கொடுத்தவன்மேல் பழி விழுந்தது. 1963இல் வந்து இங்கே ஊரெல்லாம் பரவிய சீக்கோ 5 போன்ற ஆட்டோமேட்டிக் கடிகாரங்களில் அந்தப் பழிக்கே இடமில்லை. கை அசைவில் ஆடும் அரைவட்டத் தட்டு வில்லை நாளெல்லாம் ஏற்றிக்கொண்டே இருக்கும். நிறைந்ததும் வில்லின் வெளிமுனை சிமிழின் சுவரில் வழுக்கிவிடும். பகல் முழுதும் பால் வெட்டிய கையில் அது எப்போதும் நிறைசாவிக்கு அருகிலேயே இருக்கும், அதனால் விசையும் ஏறக்குறைய மாறாது. அதே கடிகாரத்தை மேசையில் கழற்றி வைக்கும் கிராணியிடம் அது அவ்வளவு நன்றாக ஓடாது.

அலுவலகக் கடிகாரத்தில் நான் எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை. கழுவி, சரியான எண்ணெய் விட்டு, வாரத்துக்கு ஒருமுறை என்பதை இரண்டுமுறை ஆக்கினேன். வில் பாதி தளர்வதற்குள் மீண்டும் நிறைந்துவிடுவதால், விசை மாறும் அளவு பாதியாகிறது, பிழை சேரும் காலமும் பாதியாகிறது. ஆக மொத்தம் விலகல் நான்கில் ஒரு பங்காக வேண்டும். நிறைந்த வில் கடிகாரத்தை முந்தவைத்ததால் ஊசலின் அடியிலுள்ள திருகைத் தளர்த்திக் குண்டைச் சற்றுக் கீழே இறக்க வேண்டியிருந்தது. எழுதிவைத்த கணக்கில் இப்போது மிக அதிகமான விலகல் அரை நிமிடத்துக்குள் நிற்கிறது. ஞாயிறு காலையில் ஏழு அரைச்சுற்று, புதன் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஏழு அரைச்சுற்று. எட்டாவதுக்குச் சாவி நகராது.